விளக்குகளைக் காலி செய்த தெரு

அறுபதுகளின் நடுவில் ஒரு மார்கழிக் காலை. என் கணவருக்கு மன்னவனூரில் பள்ளிக்கூட வேலை. நாங்கள் அங்கே குடிவந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. விடிந்ததும் எனக்குப் பிரசவ வலி கண்டது. வயிற்றைத் தொட்டுப் பார்த்த ஊர் மருத்துவச்சியின் முகம் மாறிவிட்டது. "புள்ள குறுக்க கெடக்கு. இது என் கைக்கு அடங்காது. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு வெரசாக் கொண்டு போங்க" என்றார்.

ஊரில் அன்று இருந்த ஒரே வண்டி, உருளைக்கிழங்கு ஏற்ற வந்த டீசல் வேன். டிரைவர் உடனே மூட்டைகளை இறக்கிப் போட்டார். வைக்கோல் பரப்பி, கம்பளி விரித்து என்னைப் படுக்க வைத்தார்கள். பேட்டரியை நம்ப முடியாத வண்டி அது. அதனால் மலை டிரைவர்களின் வழக்கப்படி முந்தின நாளே அதைச் சரிவில், முகம் கீழே பார்க்க நிறுத்தியிருந்தார். பிரேக்கை விட்டால் உருளும், கியரைப் போட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

உருண்டது, பிடிக்கவில்லை. சரிவு முடிந்து சமதளத்தில் போய் நின்றே விட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

டிரைவர் இறங்கி டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார். குளிர் மேலோ வண்டி மேலோ பழி போடவில்லை. "தப்பு என்னுதுதாங்க. டீசல் கம்மியா கெடக்கையில சரிவுல நிறுத்திப்புட்டேன். எல்லாம் முன்னால ஓடிருச்சு, பின்னால டீசல் உறிஞ்சுற கொழா காத்தக் குடிச்சிருச்சு. இத வச்சுப் போனா அடுத்த எறக்கத்துல மறுபடி நின்னுரும். மண்ணெண்ணெ கெடச்சாக்கூடப் போதும்" என்றார்.

கடையில் ஒரு சொட்டு இல்லை. மின்சாரம் எட்டாத அந்த ஊரில் மண்ணெண்ணெய் எப்போதாவதுதான் வரும். வந்ததை வீட்டுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்வார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு பழனியாண்டவனைக் கூப்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாரும் போய்க் கேட்கவில்லை, செய்தி அதுவாகவே தெருவில் ஓடியிருக்கிறது. ஒருத்தி கையில் புட்டி, இன்னொருத்தி கையில் தகர விளக்கு. திரியை உருவிப் போட்டுவிட்டு அப்படியே ஒரு வாளியில் கவிழ்த்தார்கள். எனக்குப் பெயர்கூடத் தெரியாத முகங்கள். என் வீட்டுக்காரர் பதற்றத்தில் அரிக்கேன் விளக்கைக் கண்ணாடியோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. டிரைவர் தன் வேட்டி முனையில் எல்லாவற்றையும் வடிகட்டி டேங்கில் ஊற்றினார்.

அதற்குப் பிறகாவது கிளம்புவார் என்று பார்த்தால், இன்ஜின் மூடியைத் திறந்து ஒரு திருகைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை அடிக்கத் தொடங்கினார். திருகு வழியாக நுரை நுரையாக வந்தது. "என்னையப் பாருங்கய்யா, வண்டியப் பெறகு பாக்கலாம்!" என்று கத்தினேன்.

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "வண்டிக்குக் காத்து ஆகாது தாயி, ஒங்களுக்குக் காத்து வேணும். நீங்க நல்லா மூச்ச இழுத்து விடுங்க. இது என் சோலி."

குழாயில் புகுந்த காற்றெல்லாம் வெளியேறி, நுரை நின்று எண்ணெய் மட்டும் வரும்வரை அடித்தார். நடுவில் ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. அந்த நிதானத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கைகூப்பத் தோன்றும். திருகை இறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஆணும் பெண்ணுமாகத் தள்ளினார்கள். வேன் இரண்டு தடவை இருமிவிட்டு வெள்ளைப் புகையோடு உறுமியது. தெருவே கூச்சல் போட்டது.

கொடைக்கானலில் ஆபரேஷன் செய்து என் மகளை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேருமே இல்லை என்றார் டாக்டர்.

குழந்தையோடு ஊர் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. "அன்னைக்கு ராத்திரி விளக்கில்லாம என்ன செஞ்சீங்க?" என்று மருத்துவச்சியிடம் கேட்டேன்.

"அன்னைக்கு மட்டுமா? அடுத்த மண்ணெண்ணெ வர்ற வரைக்கும் அப்படித்தான். பொழுது சாயுமுன்ன வெள்ளனே உண்டுட்டு வெள்ளனே படுத்தோம். இருட்டு என்ன கடிக்கவா செய்யுது?" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான் பேச்சு. அதற்குமேல் அதை யாரும் ஒரு காரியமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. என் மகளுக்கே இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றும் இருட்டிய பிறகு ஏதாவது ஒரு வீட்டில் விளக்கு எரியாமல் இருப்பதைப் பார்த்தால், அவர்கள் அதை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.