பாடத்தை முடிக்காத பிலோமினா டீச்சர்

எழுபதுகளின் தொடக்கத்தில், தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு கடலோரப் பள்ளியில் நான் தலைமையாசிரியை. ஐந்தாம் வகுப்பு டீச்சர் பாதி வருஷத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்கு முந்தினவரும் அப்படித்தான். இருவருமே டிரெயினிங்கில் நல்ல மார்க். இன்டர்வியூவில் தடங்கல் இல்லாமல் பதில் சொன்னவர்கள். ஆனால் பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டதால் வகுப்பில் பாதி பெஞ்சு காலி.

"இந்தத் தடவ இன்டர்வியூவோட நிறுத்த வேண்டாம் ஃபாதர். வகுப்புக்குள்ள விட்டுப் பாப்போம்" என்றேன் தாளாளரிடம். அவர் ஒரு மதிப்பெண் தாள் தயாரித்தார்: குரல், கரும்பலகை எழுத்து, பாடத்தை நேரத்துக்குள் முடித்தல்.

இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் அதே வகுப்பு, அதே பின்னப் பாடம். சாயர்புரத்து எஸ்தர் மணியடிக்குமுன் அழகாக முடித்து, "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது டீச்சர்!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

அடுத்து புன்னைக்காயல் பிலோமினா. "நாலுல ஒண்ணு பெருசா, எட்டுல ஒண்ணு பெருசா?"

"எட்டுல ஒண்ணுதான்" என்றாள் முன் பெஞ்சு ரீத்தா. வட்டம் போட்டுக் காட்டினார். தாளைக் கிழித்துக் காட்டினார். ரீத்தா தன் பதிலை மாற்றவில்லை.

"ஏளா, ஒரு சீலா மீன நாலு பேரு பங்கு வச்சா உனக்குத் துண்டு பெருசா வருமா, எட்டு பேரு பங்கு வச்சாலா?"

"எங்க வீட்ல எட்டு பேரு டீச்சர். சின்னத் துண்டுதான் வரும்" என்றவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். மணி அடித்துவிட்டது.

"பாதிப் பாடங்கூட முடிக்கலயே டீச்சர்" என்றார், என்னோடு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த ஃபாதர், என்னிடம்.

"எஸ்தர் பாடம் எடுத்தப்ப ரீத்தாவும் 'புரிஞ்சுது'ன்னுதான் கத்துனா ஃபாதர். அவளுக்குப் புரியலன்னு கண்டுபிடிச்சது இவங்கதான். அதுக்கு நம்ம தாள்ல எடமே இல்ல."

ஃபாதர் தாளை மடித்து வைத்தார். "சரி, இவங்களையே எடுப்போம். சரிவரலன்னா நீங்கதான் பொறுப்பு" என்றார்.

அந்த வருஷம் முழுக்க எனக்கு உள்ளூரப் பயம்தான். ஆனால் பெஞ்சுகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. ரீத்தா ஆறாம் வகுப்புக்குப் போனாள்.

மறு வருஷம் மூன்றாம் வகுப்புக்கு எஸ்தரையும் எடுத்தோம். ஓய்வான பீரியடுகளில் பிலோமினாவின் வகுப்பில் போய் உட்காருவார். கொஞ்ச நாளில், "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பிச் சொல்லச் சொன்னார்.

அதன்பின் வருஷக் கடைசியில் நானும் ஃபாதரும் பழைய மதிப்பெண் தாள்களை எடுத்து, நேரில் வகுப்பில் பார்த்ததோடு ஒப்பிடுவோம். இன்டர்வியூ மார்க் பெரும்பாலும் பொருந்தாது. மாதிரி வகுப்பு ஓரளவு பொருந்தும். பொருந்தாததை அடித்துவிட்டு, விட்டுப்போனதைச் சேர்ப்போம்.

இன்று ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் போட்ட மார்க்கை, ஆளை எடுத்த அன்றோடு மறந்துவிடாதீர்கள். ஒரு வருஷம் கழித்து அந்த வகுப்பின் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, உங்கள் கணிப்பு சரிதானா என்று பாருங்கள்.