ஜெமீல் போடாத பச்சை ஜேர்சி

ஜெமீலின் உயரம் ஆறடி நாலங்குலம். கல்முனையில் இந்த உயரத்துக்கு இரண்டே உபயோகம். ஒன்று, கல்யாணப் பந்தலுக்கு ஏணியில்லாமல் சோடினை கட்டுவது. மற்றது பாஸ்கட்போல். ஜெமீல் இரண்டையும் செய்தார். இருபது வருடத்தில் எட்டு அணிகளுக்கு விளையாடினார். சொந்த ஊர் அணிக்கு மட்டும் ஒருநாளும் விளையாடவில்லை.

அவரில் பிழை சொல்ல ஏலாது. பதினெட்டு வயதில் ஊர் அணிக்குத் தெரிவான வருடம் சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தது. கம்பம் போனது, சீமெந்துத் தரை போனது, பச்சை ஜேர்சி தைக்கக் கொடுத்த கடையும் போனது. மைதானத்தைத் திரும்பக் கட்டி முடிக்க ஐந்து வருடம் எடுத்தது. அதற்குள் கொழும்பில் ஒரு இன்சூரன்ஸ் கம்பனி அவரைக் கிளார்க் என்று வேலைக்கு எடுத்து, ஒரு பைலையும் தொடவிடாமல் பந்தைக் கையில் கொடுத்துவிட்டது.

எட்டு அணியையும் சொல்லப்போனால் பொழுது போய்விடும். மாலைதீவில் எதிரணி வேறொரு தீவில் இருக்கும். படகில் போய், வாந்தி எடுத்து, பிறகுதான் விளையாட வேண்டும். கடற்தொழில் செய்தவரின் மகன் படகில் வாந்தி எடுத்த கதையைக் கல்முனையில் இன்றுவரை ஒருத்தரும் நம்பவில்லை. கத்தாரில் கட்டுமானக் கம்பனி ஒன்றின் அணி. வெள்ளி காலையில் மட்டும் ஆட்டம், ஜும்ஆவுக்கு முன் முடித்துவிட வேண்டும்.

கத்தாரில் இருந்தபோதுதான் ஒரு லீவில் வந்து, அதே கரையில் தெற்கே இருக்கும் அட்டாளைச்சேனை றிபாவைக் கல்யாணம் முடித்தார். இந்தக் கிழக்குக் கரையில் கல்யாணம் முடித்தால் வீட்டைவிட்டுப் போகிறவன் மாப்பிள்ளைதான். வீடு பெண்ணுக்கு. பிறந்த வீடு மூத்தவளான ராத்தாவுக்குப் போக, ஜெமீல் ஒரு பெட்டியோடு றிபாவின் வீட்டுக்குப் போனார். பத்தாம் நாள் அதே பெட்டியோடு விமானம் ஏறினார்.

கடைசியாகக் குரோஷியா. கடலோரத்து ஹோட்டலொன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. உயரக் கொடியில் முக்காலி இல்லாமல் படுக்கை விரிப்புக் காயப்போடும் மனிதனை அந்த ஊர் அணியின் பயிற்றுநர் மதிலுக்கு மேலால் கண்டார். அடுத்த கிழமை ஜெமீல் அந்த அணியில் இருந்தார்.

அங்கே டாமிர் என்று ஒருவன், நாற்பது வயது. ஒன்பது நாட்டில் பதினான்கு அணிக்குச் சம்பளத்துக்கு ஆடி முடித்துவிட்டு, பிறந்த ஊருக்குச் சும்மா ஆட வந்திருந்தான். அணி கிழமைக்குக் கிழமை தோற்றது. அவனுக்கோ வாயெல்லாம் பல். மற்ற ஊர்களில் தன்னை நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், இங்கே இன்னாரின் மகன் என்று கூப்பிடுகிறார்கள் என்பான். அதைக் கேட்ட நாளிலிருந்து ஜெமீலுக்கு ஊர் ஜேர்சியை ஒரு தரமாவது போட்டுவிட வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. இடது முழங்கால் படியேறும்போது சத்தம் போடத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு வருடம் தாங்கினாலே பெரிய விஷயம்.

இந்த வருடம் வந்து சேர்ந்தார். கரையோர ஊர்களுக்கிடையிலான போட்டிக்கு நாள் குறித்திருந்தார்கள். வெளியாட்களை இறக்குகிற களவு கூடிவிட்டதால் புதுச் சட்டமும் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் பள்ளிவாசலிலோ கோயிலிலோ சேர்ச்சிலோ, 'இவர் எங்கள் ஊரவர்' என்று கடிதம் வாங்கிவர வேண்டும். இதென்ன பெரிய வேலை என்று ஜெமீல் கல்முனைப் பள்ளிவாசலுக்குப் போனார்.

நிர்வாகத்தில் இருந்த மரைக்கார் முஸ்தாக், ஜெமீலோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். குடும்பப் பதிவுக் கொப்பியை எடுத்துப் புரட்டினார். ஜெமீலின் பெயர் இருந்தது. அதன் மேல் சிவப்புப் பேனையால் ஒரு கோடும் இருந்தது. பக்கத்தில் ஒரு திகதி, நிக்காஹ் முடிந்து சரியாக ஒரு கிழமை. ஜெமீல் முதலில் பகிடி என்றுதான் நினைத்தார்.

"நான் பொறந்த ஊர்டா இது," என்றார்.

"ஓம் மச்சான், ஆரு இல்லெண்டது? மாப்புளயாப் போனவண்ட பேர இங்க வச்சிருந்தா, றிபாட ஆக்கள் என்ன கதைப்பாங்க? பொண்டாட்டிய உட்டுட்டு வந்துட்டான் எண்டுதான் கதைப்பாங்க."

டாமிரின் ஊரில் இப்படியொரு கொப்பி இருந்திருக்காது. வீட்டுக்கு வந்து றிபாவிடம் ஒரு மணித்தியாலம் கத்தினார். அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, அப்படியென்றால் எங்கள் ஊருக்கு ஆடுங்களேன் என்றாள்.

அட்டாளைச்சேனைப் பள்ளிவாசலில் ஐந்து நிமிடத்தில் கடிதம் கிடைத்தது, பிளேன்டீயும் கிடைத்தது. நீல ஜேர்சியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஊரே சந்தோசப்பட்டது. ஜெமீலுக்கு மட்டும் வயிறு எரிந்தது. ஆனால் மாட்டேன் என்று சொல்லி மாமியார் வீட்டில் யார் இருப்பது? போட்டுக்கொண்டார்.

இறுதி ஆட்டம் கல்முனையில், அஸர் தொழுகைக்குப் பிறகு. எதிரே ஐந்து பச்சை ஜேர்சி. இந்த இருபது வருடத்தில் மகனின் ஓர் ஆட்டத்தையும் பார்த்திராத உம்மா, ராத்தாவோடு வந்து பெண்கள் பக்கம் கதிரையில் இருந்தார். ஜெமீல் பந்தைத் தொட்ட போதெல்லாம் அவருடைய ஊர் அவரைப் பார்த்து 'ஹூ' என்று கூவியது. மாலைதீவில்கூட இப்படிக் கூவவில்லை. ஜெமீலுக்குக் கண் கலங்கியது, கோபமும் வந்தது. கோபத்தில் பத்தொன்பது புள்ளி போட்டார். முழங்கால் கடைசிக் கட்டத்தில் இறுகி, இனி இதற்கு மேல் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அட்டாளைச்சேனை மூன்று புள்ளியால் வென்றது.

அவர் நொண்டி நொண்டி உம்மாவிடம் போனார். அங்கே நின்று பார்த்தால் பிறந்த வீட்டின் கூரை தெரியும். உம்மா முந்தானையால் அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டார்.

"நல்லா வெளையாடினாய் மனே. மஃரிபுக்கு பாங்கு சொல்லப் போறாங்க. இருட்டுறதுக்குள்ள ஊருக்குப் போய்ச் சேரு."

ஜெமீல் உம்மாவின் முகத்தைப் பார்த்தார். அதில் பகிடி ஒன்றும் இல்லை.

"ஓம் உம்மா, போறன்," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினார்.