ஊசியைச் சின்னதாய்ப் போடு

எனக்குப் பயம் கொஞ்சநஞ்சமல்ல. பல்லி, கேஸ் சிலிண்டர், அட்டையை விழுங்கிவிடுகிற ஏடிஎம், வெறும் ரசம் வைத்த நாளாகப் பார்த்து வாசலில் வந்து நிற்கும் விருந்தாளி, எல்லாமே பயம்தான். பயந்து பயந்து எனக்கே அலுத்துப்போய், ஒருநாள் மகள் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய கறுப்பு மையில் நிப்பைத் தொட்டு ஒரு படம் போட்டேன். பல்லி சுவரில் கால்மேல் கால் போட்டு டீ குடிக்கிறது. நான் அலமாரியின் உச்சியில் ஏறி நிற்கிறேன். அதைப் போனில் பிடித்து, துபாயில் இருந்த கணவருக்கு அனுப்பினேன்.

"ஏ புள்ள, பல்லி ஒன்னய விட அழகா இருக்கே!" என்று குரல் வந்தது. பின்னால் அறைக்காரர்கள் எல்லாரும் சிரிக்கிற சத்தம்.

நாசமாய்ப் போக, அந்த ஒரு சிரிப்பில் மயங்கினேன். அப்புறம் வாரம் தவறாமல் ஒரு பயம். சிலிண்டருக்குத் தாலாட்டுப் பாடித் தூங்க வைத்தேன். விருந்தாளியைக் கண்டு ரசச்சட்டியை அடுப்படியை விட்டே ஓட வைத்தேன். "அடுத்தது என்ன பயம் புள்ள?" என்று அவர் கேட்காமல் போனை வைக்கமாட்டார்.

கீழக்கரையில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் சபரில்தான் இருக்கிறார்கள், அரபு நாடுகளில். அவர்களோடு போனில் பேசுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. என்னைப் பெற்ற உம்மா கல்யாணத்தன்றே சொல்லிவிட்டது. "சபர்ல இருக்குற மனுசனுக்கு நல்ல சேதியத்தான் சொல்லணும். மத்ததெல்லாம் இங்கனயே கெடக்கட்டும்." அப்படியே செய்தோம். மகளுக்குக் காய்ச்சல் என்றால் தூங்குகிறாள் என்போம். கூரை ஒழுகினால், நல்ல மழை, அல்ஹம்துலில்லாஹ் என்போம். அவரும் அங்கிருந்து பிரியாணி சாப்பிட்டேன் என்பார். ஆக, எங்கள் வீட்டில் போனில் பேசத் தகுந்த பயம் என்றால் அது சிரிக்கிற பயம் மட்டும்தான்.

ஒருநாள் அவரே கேட்டார். "ஊசிக்குப் பயந்த ஆம்பள ஒருத்தன வரை புள்ள."

"யாரு மச்சான் அந்தச் சூரப்புலி?"

"ரூம்ல ஒருத்தன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம். நடுங்குறான்."

எனக்குக் கொண்டாட்டம். கொம்பு மீசைக்காரன் ஒருவன் மின்விசிறியைக் கட்டிப்பிடித்துத் தொங்குகிறான். அவன் கைலி பாதி அவிழ்ந்துவிட்டது. கீழே கட்டைவிரல் உயரத்தில் ஒரு நர்ஸ், அவள் கையில் வள்ளத்துப் பாய்மரம் நீளத்துக்கு ஊசி. அனுப்பிய கையோடு பதில் வந்தது.

"நல்லாருக்கு. அந்த ஊசிய மட்டும் சின்னதாப் போடேன். பாவம், ரொம்பத்தான் பயப்படுறான்."

"சின்னதாப் போட்டா சிரிப்பு வராது மச்சான்" என்று சொல்லி, இன்னும் ஒரு முழம் நீட்டி அனுப்பினேன்.

அப்புறம் சில வாரம் அவர் முகத்தையே பார்க்க முடியவில்லை. நெட்டு சரியில்லை என்று குரல் மட்டும் வந்தது. குரலும் சன்னமாக இருந்தது. சளி என்றார், நம்பினேன். கொஞ்ச மாதம் கழித்து, "போதும் புள்ள, ஊரோட வந்துர்றேன்" என்றார். சந்தோசத்தில் தெருவுக்கே தொதல் அல்வா கிண்டிக் கொடுத்தேன்.

வந்த அன்றைக்கே, அவர் சட்டை மாற்றும்போது பார்த்தேன். நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு ஆபரேஷன் தழும்பு.

"யா அல்லா! என்ன மச்சான் இது?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தார். "அதான் நீயே வரஞ்சியே. மீசையத்தான் கூடுதலா வச்சுப்புட்ட."

நான் அழுத அழுகையில் உம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தது. ஏன் சொல்லவில்லை என்று அவரைப் பிடித்து உலுக்கக்கூட என்னால் முடியவில்லை. சொல்லக்கூடாது என்பது வீட்டு வழக்கம். அதை நானும்தான் காப்பாற்றினேன். ஆனால் அவர் சொல்லாமலும் இல்லையே. தன்னால் முடிந்த ஒரே வழியில் சொல்லியிருக்கிறார். நான்தான் சிரித்துவிட்டேன்.

மறுநாள் மைப்புட்டியை எடுத்து அதே படத்தைத் திரும்பப் போட்டேன். மின்விசிறி இல்லை, மீசை இல்லை. கட்டிலில் ஒரு மனிதர், நர்ஸ் கையில் பென்சில் அளவுக்குக் குட்டி ஊசி. அவர் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"சிரிப்பு வரலயே புள்ள."

"வர வேணாம் மச்சான்."

"கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி கெடந்துச்சு" என்றார். "கூட இருக்குறவுக உக்காருற நாற்காலி. அதையும் போடு."

போட்டேன். அதில் என்னை உட்கார வைத்துப் பார்க்கலாம் என்று நிப்பை மையில் தொட்டேன். மை காய்ந்ததுதான் மிச்சம். நாற்காலியைக் காலியாகவே விட்டுவிட்டேன், அன்றைக்கு அங்கே அது அப்படித்தானே கிடந்தது.