பின்பக்கத் தையல்

ஓடிப்போனாள் என்று சொல்வதே முதலில் தப்பு. ஐம்பத்து மூன்று வயதில், இரண்டு முழங்காலிலும் தைலம் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் பத்துக் கிலோ கந்தல் கட்டியையும் சுமந்துகொண்டு யாரும் ஓட மாட்டார்கள். ஊசியக்கா நடந்துதான் போனாள். நேற்று வியாழக்கிழமை, பட்டப்பகலில், முன்வாசல் வழியாக. தெருவே பார்த்தது. பார்த்த தெருதான் சாயங்காலத்துக்குள் அவளை ஒரு குத்துச்சண்டைக்காரனோடு சேர்த்துவைத்துவிட்டது. அவள் அவனோடு போகவில்லை, அவன் விஷயமாகப் போனாள். இரண்டுக்கும் நடுவே ஒரு மூட்டை இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

மூட்டை என்றால் குத்து மூட்டை. பயிற்சிக் கூடத்தில் ஆள் உயரத்துக்குச் சங்கிலியில் தொங்குமே, அது. வெளியே தடித்த தோல், உள்ளே தையற்கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துணி. கிழிந்தால் பிரித்து, அடைத்து, திரும்பத் தைத்துக் கொடுப்பதுதான் ஊசியக்காவின் பிழைப்பு. அதற்கு முன்னால் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி வீட்டுக்கு வந்தபோது அவளோடு கூட வந்தது ஒரு பெட்டியும் கோணி ஊசியும்தான். பின்னறை உத்தரத்தில் தம்பி ஒரு கொக்கி அடித்துக் கொடுத்தான். அதில் மூட்டையைத் தொங்கவிட்டு, மெழுகு நூல் கோத்து, பத்தொன்பது வருஷமாகத் தைக்கிறாள். ஒரு சண்டையைக்கூடப் பார்த்ததில்லை. ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும். தன் விரலில் ஊசி குத்தினாலே பார்க்காமல் வாயில் வைத்துக்கொள்கிறவள்.

ஆனாலும் எந்த ஹெவிவெயிட்டின் குத்து அதிக பாரம் என்று சலூனில் வாக்குவாதம் முற்றினால், அது அவள் வாசலுக்குத்தான் வரும். அதில் நியாயம் இருந்தது. எதிராளி பயந்து விழலாம், வழுக்கி விழலாம், பேசிவைத்துக்கொண்டும் விழலாம். மூட்டைக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. வாங்கியதை வாங்கியபடி காட்டும்.

பயிற்சிக் கூடத்தில் படமாகத் தொங்குகிறாரே பெரியவர், அந்தப் பழைய ஹெவிவெயிட், அவருடைய மூட்டைகளைக் கடைசி நாலு வருஷம் அவள்தான் தைத்தாள். முன்பக்கம் ஒரு கீறல் இருக்காது. பின்பக்கம் மேலிருந்து கீழே தையல் விட்டிருக்கும். குத்து முன்னால் நுழைந்து, துணியையெல்லாம் தள்ளிக்கொண்டு போய், பின்னால் வெளியே வரப் பார்க்கும். மாதம் ஒரு மூட்டை அப்படி வந்தது. தன் தையல் அவிழ்வது ஊசியக்காவுக்குப் பிடிக்கவில்லை. பின்பக்கத்தில் இரட்டைத் தோல்பட்டை வைத்து, நெருக்கி இரண்டு வரிசை ஓட்டினாள். அதற்குப் பிறகு ஒரு மூட்டையும் பின்னால் அவிழவில்லை. அந்த வருஷமே பெரியவரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஊசியக்கா எல்லா மூட்டைக்கும் அதே பட்டையை வைத்தாள். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தாள்.

அப்புறம் ஒரே மாதத்தில் இரண்டு பேர் கூடத்துக்கு வந்தார்கள். ஒருவனை இடி என்றார்கள். அவன் குத்தினால் ஜன்னல் கண்ணாடி அதிரும், முன்பக்கத் தோல் பிய்ந்து தொங்கும். வாரம் ஒரு மூட்டை. கூடத்து முதலாளி அவனுக்கே பெண்ணையும் கொடுத்தார். இன்னொருவன் பகலில் சிமெண்டு கிடங்கில் சுமை தூக்குவான், சாயங்காலம் மூலையில் தொங்கும் மூட்டையைக் குத்துவான். 'தொப்' என்று கேட்கும், அவ்வளவுதான். இடி கிழிக்கிற மூட்டைகளைத் தோளில் போட்டு ஊசியக்கா வீட்டுக்குக் கொண்டுவருவதும் அவன் வேலைதான்.

இரண்டு வருஷம் கழித்து சலூன்காரர் வாசலில் வந்து நின்றார்.

"நீங்களே சொல்லுங்க அக்கா. பெரியவர் கை பெரிசா, இடி கை பெரிசா?"

"பெரியவர் மாசத்துக்கு ஒண்ணு. இவன் வாரத்துக்கு ஒண்ணு. எனக்கு முதுகு ஒடியுது, இதுல கேள்வி வேறயா?"

"அப்போ அந்த மூட்டை தூக்குற பையன்?"

"ரெண்டு வருஷமா அவன் மூட்டையில ஒரு நூல் அவுந்து வரல. அது கையா? மெத்தை!"

சலூன் சிரித்தது. சாயங்காலம் கூடம் சிரித்தது. மறுநாளிலிருந்து அவன் மெத்தை. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. மெத்தையோடு மோதினேன் என்று சொல்லிக்கொள்ள யாருக்கு ஆசை? ஒன்பது வருஷத்தில் அவனுக்குக் கிடைத்த சண்டைகள் மூன்று. மூன்றிலும் எதிராளி வரவில்லை.

அவன் கோபப்படவில்லை. ஒரு தடவை இடியின் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டான்.

"நம்ம மூட்டை எப்பக்கா உங்ககிட்ட வரும்?"

"கிழிச்சாத்தான் வரும் தம்பி."

"சரிக்கா," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.

இதற்கு நடுவில் கூடத்தில் கந்தல் வேறு காணாமல் போய்க்கொண்டிருந்தது. மூட்டை அமுங்கினால் மேல்வாயைத் திறந்து கொஞ்சம் திணித்துக்கொள்ள ஊசியக்கா ஒரு சாக்கு நிறைய வெட்டுத் துணி அங்கே வைத்திருப்பாள். அது கணக்குக்கு மேல் தானாகக் குறைந்தது. வாட்ச்மேன்தான் எடுக்கிறார் என்று முடிவு கட்டி அவரோடு ஆறு வருஷமாகப் பேச்சை நிறுத்தியிருந்தாள். அவருக்கு எதற்குக் கந்தல் என்று அவள் யோசிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

போன மாதம் வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். ஒரு ஹெவிவெயிட்டைத் தேர்ந்தெடுத்து ஒரு வருஷம் தன்னிடம் வைத்துப் பழக்கி, பெரிய போட்டிக்கு அனுப்பப் போகிறாராம். முதலாளி மருமகனைக் காட்டினார். பயிற்சியாளரின் கண் என்னவோ மூலையிலேயே இருந்தது. போகிற வழியில் ஊசியக்கா வாசலில் காரை நிறுத்தினார்.

"அந்த மூலையில குத்துறவன் கை எப்படிம்மா?"

"அதான் பேரே சொல்லுதே சார்," என்றாள் ஊசியக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவு சொல்கிறேன், அநேகமாக இடிதான் என்று போன திங்கட்கிழமை தகவல் வந்தது. அன்றைக்கே மெத்தை கையுறைகளை ஆணியில் மாட்டிவிட்டு வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். முப்பத்து மூன்று வயது ஆகிறது. இனி யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

அவன் போனதும் முதலாளி அந்த மூட்டையைக் கழற்றச் சொன்னார். கிழியாத மூட்டை, தோல் புதுசாக இருக்கிறது, பிரித்து மருமகனுக்குத் தைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. கழற்றும்போது கை நழுவியது. கீழே விழுந்ததில் சிமெண்டுத் தரை வெடித்தது. ஒருவர் தூக்க வேண்டிய மூட்டையை மூன்று பேர் தள்ளுவண்டியில் வைத்து ஊசியக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"உள்ள கல்லு வச்சுத் தச்சீங்களா அக்கா?"

"உன் மண்டைய வச்சுத் தச்சேன். இறக்குடா."

ஊசியக்கா முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தாள், பழக்க தோஷம். தையல் விடவில்லை. ஆனால் அவள் வைத்த இரட்டைத் தோல்பட்டை இழுபட்டு நெளிந்திருந்தது. ஊசித் துளைகள் ஒவ்வொன்றும் நெல்லைப் போல நீண்டிருந்தன. கத்தியை எடுத்தாள்.

இடியின் மூட்டையைப் பிரித்தால் தோலுக்கு ஒரு விரல் பின்னால் துணி அவள் அடைத்தபடியே உதிரியாக இருக்கும். தோலை உரசிக் கிழிக்கிற கை அது. இதில் துணியை உருவவே முடியவில்லை. நெஞ்சு உயரத்தில், முன்னாலிருந்து பின்சுவர் வரைக்கும், கிண்ணத்துக்குள் கிண்ணம் வைத்தாற்போலத் துணி குழிந்து, பலகையாக இறுகிக் கிடந்தது. நீலம், கட்டம், கோடு, பூப்போட்டது என்று காணாமல் போன கந்தல் அத்தனையும் அங்கே இருந்தது. மூட்டை அமுங்க அமுங்க அவன் திணித்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை, கேட்டால்தானே சொல்வதற்கு.

கடைசிக் கிண்ணத்துக்குள் ஊசியக்கா தன் கையை மடக்கி வைத்துப் பார்த்தாள். முழங்கைக்கு மேல் உள்ளே போயிற்று. பெரியவரின் குத்து இந்தப் பட்டை இல்லாத தையலைத்தான் அவிழ்த்தது. இது பட்டையையே நீட்டியிருக்கிறது. பட்டை வைக்காமல் விட்டிருந்தால் மாதம் ஒன்றல்ல, நாலு வந்திருக்கும். அன்று அவள் டீயைக் குடிக்கவில்லை. தம்பி மனைவி இரண்டு தடவை சூடு பண்ணிக் கொடுத்தும் ஆறிப்போயிற்று.

புதன்கிழமை காலையில் முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"நான் சொன்னது தப்புங்க. மெத்தை கைதான் பாரம். பெரியவரையும் தாண்டிடுச்சு."

"வாசல்ல மாப்பிள்ளை பேர்ல போர்டு எழுதியாச்சும்மா. நீங்க தையலைப் பாருங்க."

"தையலைத்தாங்க பார்த்தேன்."

"இதை வெளிய சொன்னா இந்தக் கூடத்துலேருந்து இனி ஒரு மூட்டை வராது."

"வேண்டாம்," என்றாள். வேறு என்ன சொல்வது?

வெளியே படியில் இடி உட்கார்ந்து கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே சொன்னான்.

"எனக்குத் தெரியும்க்கா. ஒரு தடவை பயிற்சியில அவன்கிட்ட வயித்துல ஒண்ணு வாங்கினேன். மூணு நாள் சோறு இறங்கல. அதுக்கப்புறம் எங்களைச் சேர்த்து நிறுத்தவே இல்ல."

"தெரிஞ்சுகிட்டு ஏன்டா சும்மா இருந்தே?"

"மாமனார்க்கா."

ஊசியக்கா படியிறங்கி வீட்டுக்கு நடந்தாள்.

நேற்றுக் காலை அந்த இறுகிய துணியில் குழிந்த பாகத்தை மட்டும் ரம்பத்தால் அறுத்தெடுத்தாள். ஆமாம், துணியை ரம்பத்தால். பின்பட்டையில் ஒரு சாண் வெட்டி அதோடு சேர்த்து, பழைய போர்வையில் கட்டினாள். தம்பி மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"அந்த சாருக்கு ஒரு போன் போட்டாப் போதாதா அண்ணி? நாலு மணி நேரம் பஸ்சு. முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"போன்ல சொன்னா, போன மாசம் ஒண்ணு சொன்னா, இந்த மாசம் ஒண்ணு சொல்றாம்பாரு. என் வாயால கெட்டதை வாயால எப்படிச் சரி பண்றது? அவரு கையை உள்ள விட்டுப் பார்க்கட்டும்."

"பார்த்தும் நம்பலேன்னா?"

"கையை வெளிய எடுக்க விடமாட்டேன்."

தம்பி மனைவி வழிவிட்டாள்.

"வாட்ச்மேன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. கந்தல் கிடைச்சிடுச்சுன்னு. மத்ததை நான் வந்து பேசிக்கிறேன்."

எதிர்வீட்டு அம்மா துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"மூட்டையும் முடிச்சுமா எங்கே புறப்பாடு?"

"ஒரு ஆளுக்கு நான் வச்ச பேரைத் திரும்ப எடுக்கப் போறேன்."

'ஒரு ஆள்' என்பதோடு அந்த அம்மாவுக்குக் காது நிறைந்துவிட்டது. மீதியைக் கேட்க அவளுக்கு நேரமில்லை, பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

பஸ் பத்து மணிக்கு. நிறுத்தம் தெருக்கோடியில், ஐந்து நிமிஷ நடை. ஊசியக்கா ஒன்பது மணிக்கே வாசற்படி இறங்கினாள். அந்தக் கட்டியைத் தூக்கிக்கொண்டு அதைவிட வேகமாக நடக்க முடியாது.