கொசுவலைத் தொப்பி

பேன்ட்டின் கீழ்நுனிகளைக் காலுறைக்குள் செருகிக்கொண்டே அம்மா குளத்தைப் பார்த்தாள். காற்று இல்லை. தண்ணீர் அசையவில்லை. "இன்னிக்கு அதுங்களுக்கு நல்ல விருந்துதான்," என்றாள்.

கோல்ஃப் ஆடும் நாளில் வாசனை சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது. வெளிர்நிற முழுக்கைச் சட்டை. அடர்நிறத் துணி கொசுவை வா என்று அழைக்கும் என்பது அவள் கட்சி. கொசு விரட்டும் களிம்பைப் புறங்கையில் மட்டும் பூசுவாள்; உள்ளங்கையில் பட்டால் மட்டை வழுக்கும்.

அம்மா தையற்காரி. தொப்பியின் விளிம்பைச் சுற்றிக் கொசுவலை வைத்துத் தைத்தது அவளேதான். போன கோடையில் முதலில் வைத்தது வெள்ளை வலை. வெயிலில் அது பளபளத்து, பந்து தெரியாமல் வெறும் காற்றை விளாசினாள். எனக்குக் கண்ணாடி வில்லைகளைச் சோதிக்கும் வேலை. வெள்ளை வெளிச்சத்தைக் கண்ணுக்கே திருப்பிவிடும், கறுப்பு விழுங்கிக்கொள்ளும் என்று விளக்கினேன்.

"கறுப்பு அதுங்கள கூப்பிடுமேடி."

"வரட்டும்மா. வலைக்கு வெளியதான நிக்கும்?"

"இத தைக்கறதுக்கு முன்னாடி சொல்றதுக்கென்ன?" மறுநாளே பிரித்துக் கறுப்பு வைத்தாள்.

கூட ஆடும் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநருக்கு அந்தத் தொப்பியைக் கண்டாலே கேலிதான். "என்னம்மா, தேன் எடுக்கக் கிளம்பிட்டீங்களா?"

"ஆமாண்ணே. உங்க தலையிலதான் கூடு இருக்குன்னாங்க."

அப்பா இறந்தபின் வரும் முதல் கோடை. தையல் கடையை அம்மா எப்போதோ திறந்துவிட்டாள். மைதானத்துக்கு மட்டும் வரவில்லை. இன்று காலை இரண்டு பைகளையும் காரில் ஏற்றச் சொன்னாள். அவளுடையது, அப்பாவுடையது. "ஆடிப் பாக்கறேன். முடியலன்னா ரெண்டையும் கிளப்லயே குடுத்துட்டு வந்துடலாம். இனிமே இந்தப் பக்கமே வேணாம்." இரண்டையும் ஏற்றினேன்.

சிக்கல் குளத்தோரக் குழியில். பந்தைக் குழிக்குள் தட்டும்போது ஆடாமல் நிற்க வேண்டும். ஆடாமல் நிற்கும் உடம்புதான் கொசுவுக்குத் தோது. வலை முகத்தைக் காக்கும்; மணிக்கட்டை என்ன செய்வது? அங்கே அப்பா பின்னால் நின்று அவளுக்குத் துண்டு வீசுவார். அவர் தட்டும்போது இவள் வீசுவாள். "அரண்மனை உத்தியோகம்," என்பார் அப்பா.

இன்று அம்மா குனிந்தாள். மணிக்கட்டில் ஒன்று உட்கார்ந்தது. பட்டென்று அடித்தாள். மட்டை நழுவி இடித்ததில் பந்து பக்கவாட்டில் உருண்டது.

"தெரியாம பட்டது, கணக்குல வராது. எடுத்து வெச்சு ஆடுங்க," என்றார் ஓட்டுநர்.

எடுத்து வைத்தாள். குனிந்தாள். நிமிர்ந்து பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

நான் துண்டோடு ஓடினேன்.

"வேணாம்டி. உன் நிழல் பந்து மேல விழுது. எங்க நிக்கணும்னு உங்கப்பாவுக்குத்தான் தெரியும்."

விலகினேன்.

அம்மா மறுபடி குனிந்தாள். அதே மணிக்கட்டில் இன்னொன்று. அதைச் சற்று நேரம் பார்த்தாள். "குடிச்சுத் தொல," என்றாள். கை அசையவில்லை. கொசுவின் வயிறு சிவந்து உப்புவது எனக்கே தெரிந்தது. மட்டை மெதுவாகப் பின்னால் போய் முன்னால் வந்தது. பந்து குழியின் விளிம்பில் அரைவட்டம் அடித்து உள்ளே விழுந்தது.

"போட்டுட்டீங்களேம்மா!" ஓட்டுநர் கத்தினார். அதற்குப் பிறகுதான் அம்மா கையைச் சொறிந்தாள்.

மிச்சக் குழிகளையும் ஆடி முடித்தோம். காருக்கு வந்ததும், "பைகளை என்னம்மா செய்ய?" என்று கேட்டேன்.

அம்மா அப்பாவின் பையிலிருந்து நீளமான மட்டையை உருவினாள். தன் மட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அப்பா அவளைவிட ஒரு தலை உயரம். பேன்ட் பாக்கெட்டைத் துழாவி, துணியில் குறி போடும் சாக்பீஸ் துண்டை எடுத்தாள். கறுப்புக் கைப்பிடியில், மிஞ்சிய நீளம் தொடங்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு இழுத்து, தன் அளவுக்கு வெட்டித் தரும்படி மட்டையை என்னிடம் நீட்டினாள்.