அத்தைக்காகப் போட்ட நடைபாதை

எங்கள் தெருவில் நடைபாதை போடலாமா வேண்டாமா என்று சண்டை நடந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். "பெஞ்சுல முள்ளு முளைச்சிருக்குதா உனக்கு?" என்று டீச்சர் இரண்டு முறை கேட்டுவிட்டார். முள் பெஞ்சில் இல்லை. சொல்லாதே என்று அத்தை சொன்ன ஒரு விஷயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற வழியில் இருந்த சின்ன ஊர் எங்களுடையது. மாதா கோயில் தெருவில் முப்பது வீடு இருக்கும். தாத்தாக்கள் கேழ்வரகும் கடலையும் போட்டவர்கள். அவர்கள் பிள்ளைகள் வாத்தியார், கம்பவுண்டர், லாரி டிரைவர், கிளார்க் என்று ஆகியிருந்தார்கள். கடைத்தெருவில் நெரிசல் என்று பஸ்களை எங்கள் தெரு வழியாகத் திருப்பிவிட்ட பிறகு தெருவின் நிம்மதி போயிற்று. ஒகேனக்கல் போகும் வேன்கள், தாமதமாகப் போனால் அருவி தீர்ந்துவிடும் என்பதுபோல ஓடின. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் திறந்த சாக்கடை. வண்டி வந்தால் அதை ஒட்டி ஒரு சாண் விளிம்பில் நின்று மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருடம் பொங்கல் முடிந்ததும் ஓவர்சியர் ஒருவர் டேப்போடு வந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார். சாக்கடையை மூடி, மேலே கான்கிரீட் பலகை பதித்து, இரு பக்கமும் நடைபாதை வரும். தெருக்காரர்களில் பாதிக்கு மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேலை ஆரம்பமாகும். இல்லாவிட்டால் வேறு தெருவுக்குப் போய்விடும்.

கோட்டுக்கு வெளியே வீட்டுக்கு வீடு மூன்றடி நிலம் இருந்தது. அது யாருக்கும் சொந்தமில்லை என்றார் ஓவர்சியர். ஆனால் வாசல் படி, துவைக்கிற கல், முருங்கை மரம், ஆடு கட்டுகிற முளைக்குச்சி எல்லாம் அந்த மூன்றடியில்தான் இருந்தன. சுண்ணாம்பு காய்வதற்குள் தெரு இரண்டாகிவிட்டது.

அப்பா நடைபாதை வேண்டும் என்ற கட்சி. பக்கத்து வீட்டில் இருந்த பெரியப்பா வேண்டாம் என்ற கட்சி. பெரியப்பா வீட்டுக்கு மூன்று படிகள் உண்டு. சிவப்பு சிமெண்டு பூசி, நடுப்படியில் சிலுவை பதித்து, தன் கையாலேயே கட்டியவை. கோடு அந்தச் சிலுவைக்கு இரண்டு விரல் உள்ளே போனது. "நடக்கறதுக்கு ரோடு இல்லாமயா போச்சு? இன்னிக்கு பிளாட்பாரம் போடுவான். நாளைக்கு பெட்டிக்கடைக்காரன் வந்து குந்திக்குவான்" என்று தன் வாசலில் நின்று, எங்கள் வாசலுக்குக் கேட்கும்படி சொல்வார். அப்பா உள்ளேயிருந்தே, "மனுசன் நடக்கறதவிட படி பெருசா போச்சு" என்பார். இருவரும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் பின்பக்கச் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

மற்ற வீடுகளிலும் ஆளுக்கொரு கவலை. சாவு விழுந்தால் பந்தல் எங்கே போடுவது என்று ஒருவர் கேட்டார். போகிற வருகிறவன் எல்லாம் ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பானே என்றாள் கம்பவுண்டர் வீட்டம்மா. வேண்டும் என்றவர்களிடம் ஒரே பதில்தான் இருந்தது. "அந்தப் பொண்ணு காலைப் பாருங்க. அதுக்காகவாவது போட வேணாமா?"

அந்தப் பொண்ணு என்றால் என் அத்தை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போயிருந்தது. இடது கையை முழங்காலுக்கு மேல் ஊன்றி அழுத்தி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து எடுத்து, வேகமாக நடப்பாள். கல்யாணம் ஆகவில்லை. எங்களோடு இருந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எட்டு வருடமாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். பத்து மெஷின்கள் ஒரே நேரத்தில் அடிக்கிற சத்தத்தில் வீட்டுப்பாடம் எழுதிவிட்டு, ஆறு மணிக்கு அத்தையோடு திரும்புவேன். அத்தை எனக்குத் துணையாக வருகிறாள் என்று நான் நினைத்தேன். வீட்டில் என்னைத்தான் அவளுக்குத் துணையாக வைத்திருந்தார்கள்.

தன் காலைக் காரணம் காட்டித் தெரு பேசுவது அத்தைக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள். "பிளாட்பாரம் வேணும்னா உங்களுக்கு வேணும்னு கேளுங்க. என் காலை எதுக்கு தெருவெல்லாம் தூக்கிட்டுப் போறீங்க?" அப்பா சிரித்து மழுப்பினார்.

அதற்கு அடுத்த வாரம் அது நடந்தது. சாயங்காலம் திரும்பி வந்துகொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. எதிரில் ஒரு பஸ். அத்தை என்னை முன்னால் தள்ளிவிட்டு விளிம்புக்கு ஒதுங்கினாள். விளிம்பு மண் சரிந்தது. இடுப்பு வரைக்கும் சாக்கடைக்குள் போய்விட்டாள். வேன் நிற்கவில்லை. நான் அழ ஆரம்பித்தேன். அத்தை இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி, தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேலே வந்தாள். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. ஒரு செருப்பு போய்விட்டது. புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். "ஏன்டி நீ அழற? வுழுந்தது நானா நீயா?"

தெருக்குழாயில் புடவையை அலசினாள். அப்புறம் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, "வூட்டுல சொல்லாத கண்ணு. யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். புடவை பாழானதற்கு அம்மா திட்டுவாள் என்று பயப்படுகிறாள் என நினைத்து, சரி என்றேன். குழாயடியில் வழுக்கிவிட்டது என்று அம்மாவிடம் அவளே சொல்லிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எனக்கு அமைதி இல்லை. யாராவது நடைபாதை என்று வாயெடுத்தாலே என் நாக்கு துடிக்கும். அப்பா கட்சி தோற்றுக்கொண்டிருந்தது. அப்பாவிடம் இல்லாத சாட்சி என்னிடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயில் பள்ளிக்கூடத்து ஹாலில் கூட்டம் போட்டார்கள். பங்குச் சாமியார் நடுவில் உட்கார்ந்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில். பந்தல், ஜன்னல், முருங்கை மரம் எல்லாம் ஒரு சுற்று வந்தன. கடைசியில் பெரியப்பா எழுந்தார். நல்ல குரல் அவருக்கு. கோயிலில் வாசகம் படிக்கிறவர்.

"பஸ்ஸு நம்ம தெருவுல வுட்டு மூணு வருசம் ஆச்சுங்க சாமி. வேனு போவுது, லாரி போவுது. எல்லாந்தான் போவுது. இத்தன நாள்ல யாராவது ஒருத்தர் வுழுந்தாங்களா? ஒரே ஒருத்தர் பேரு சொல்லட்டும். நானே மொதல்ல கையெழுத்து போடறன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தையின் கை என் தொடையில் வந்து உட்கார்ந்தது. ஏன் அழுத்துகிறாள் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் நான் அதற்குள் எழுந்துவிட்டேன்.

"எங்க அத்தை வுழுந்தாங்க!"

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. வேன் வந்ததையும் சாக்கடையில் விழுந்ததையும் சொன்னேன். எல்லோரும் என்னையே பார்த்ததும், நடக்காததும் வந்து ஒட்டிக்கொண்டது. வேன் அத்தையை இடித்தது என்றேன். கையெல்லாம் ரத்தம் என்றேன். அத்தை தேம்பித் தேம்பி அழுதாள், தூக்கிவிட ஒரு ஆள் இல்லை என்றேன். பெண்கள் பக்கத்தில் உச்சுக் கொட்டும் சத்தம் கிளம்பியது. கம்பவுண்டர் வீட்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பெரியப்பா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து வந்து, சாமியார் மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். எழுத்து தெரியாத அளவுக்கு அவர் கண் கலங்கியிருந்தது. முதல் கையெழுத்து அவருடையது. அப்புறம் அப்பா. அப்புறம் வரிசையாக முழுத் தெருவும்.

நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம், நாற்பது நாளைக்குப் பிறகு, பெரியப்பா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டார்கள். எனக்கு ஈரல் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டார் பெரியப்பா. சாப்பிட்டு முடித்ததும் அத்தையைக் கூப்பிட்டார்கள்.

"பிளாட்பாரம் முடியற வரைக்கும் நீ வேலைக்குப் போவ வேணாம்மா" என்றார் அப்பா.

"நான் வுழுந்தது ஒரு தடவை. நடந்தது எட்டு வருசம்" என்றாள் அத்தை.

"ஊரே உனக்காகக் கையெழுத்து போட்டிருக்குது" என்றார் பெரியப்பா. "என் படிய இடிக்கச் சொல்லி நானே எழுதிக் குடுத்திருக்கறன். ஒரு நாலு மாசம் நீ பொறுக்க மாட்டியா?"

அத்தை தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாயங்காலம் கிணற்றடியில் என்னைத் தனியாகப் பார்த்தபோது மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் எப்பம்மா அழுதன்?"

"எப்பன்னு மறந்துட்டன் அத்தை" என்றேன்.

நாலு மாதம் எட்டு மாதமாயிற்று. படிகளை இடித்தார்கள், முருங்கையை வெட்டினார்கள், பள்ளம் தோண்டினார்கள். சிமெண்டு வரவில்லை என்று பள்ளத்தை அப்படியே விட்டார்கள். மழைத் தண்ணீர் நின்றது. தெருவில் யாருமே நடக்க முடியாமல் போயிற்று. இன்ஸ்டிட்யூட்காரர் ஒருநாள் சைக்கிளில் வந்து, வாசலில் நின்று அப்பாவிடம் மரியாதையாகப் பேசிவிட்டுப் போனார். அடுத்த மாதம் வேறு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டார். அத்தை வீட்டிலேயே பூண்டு உரித்தாள், எங்கள் துணிக்குப் பட்டன் தைத்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு நேராக வீட்டுக்கு வந்தேன். அந்த மெஷின் சத்தம் இல்லாமல் எனக்கு வீட்டுப்பாடம் ஓடவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். அத்தையும் அதேபோலக் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருப்பாள். என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டியா, தலை வாரணுமா என்று கேட்பாள். அவ்வளவுதான்.

மாதா திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை நடைபாதை முடிந்தது. பெரியப்பாதான் ஏற்பாடெல்லாம். முதலில் இருந்தே இது அவருடைய யோசனை என்று அதற்குள் அவரே நம்ப ஆரம்பித்திருந்தார். சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். தெருமுனையில் ரோஸ் கலர் காகித ரிப்பன் கட்டியிருந்தார்கள். "யாருக்காகப் போட்டமோ அவங்களே மொதல்ல நடக்கட்டும்" என்று பெரியப்பா அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அத்தை வேலைக்குக் கட்டிப்போகும் நீலப் புடவையில் வந்தாள். கைப்பை வைத்திருந்தாள். ரிப்பனை வெட்டிவிட்டு, முழங்காலில் கை ஊன்றி நடந்தாள். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் கைதட்டல். தெருவின் கடைசிப் பலகை வந்ததும் திரும்பி வருவாள் என்று எல்லோரும் நின்றார்கள். அத்தை நின்று என்னைப் பார்த்து, "வா பாப்பா" என்றாள். நான் ஓடினேன். இருவரும் ரோட்டில் இறங்கி நடந்தோம். "சந்தோசத்துல போவுது, போவட்டும் வுடுங்க" என்று பெரியப்பா சொல்வது பின்னால் கேட்டது.

இன்ஸ்டிட்யூட்டில் புதிய பெண் பதறி நாற்காலியை விட்டு எழுந்தாள். "உக்காருங்க. ஒரு மெஷின் மட்டும் பத்து நிமிசம் வேணும்" என்றாள் அத்தை. கைப்பையிலிருந்து மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்தாள். எட்டு மாதம் தொடாத விரல்கள் எங்கும் தயங்கவில்லை. தாளை உருவி என்னிடம் கொடுத்தாள்.

"தப்பு இருக்குதா பாரு."

எல்லாம் இங்கிலீஷ். எழுத்துக்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. சேர்த்துப் படிக்க அத்தை பேரும் ஓசூர் என்ற ஊர்ப் பேரும்தான் வந்தன. "தப்பே இல்லீங்க அத்தை" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சாக்கடைக்குப் பிறகு அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கன்னியாஸ்திரீகள் நடத்திய ஹாஸ்டலில் தங்கிக்கொண்டாள். அப்பா எவ்வளவோ கத்தினார், பெரியப்பா கெஞ்சினார். யாருக்காக பிளாட்பாரம் போட்டோம் என்று இருவரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அத்தை ஓய்வு பெறும்வரை அந்த ஊரிலேயே இருந்தாள். திருவிழாவுக்கு வருவாள், இரண்டு நாள் இருப்பாள், போய்விடுவாள்.

அந்தச் சனிக்கிழமை இது எதுவும் எனக்குத் தெரியாது. தாளை மடித்து, ஏற்கெனவே ஸ்டாம்பு ஒட்டி வைத்திருந்த கவரில் போட்டு ஒட்டி, பஸ் ஸ்டாண்டு தபால் பெட்டிக்கு முன்னால் என் கையில் கொடுத்தாள். "நீயே போடு." பெட்டியைக் கம்பத்தில் உயரக் கட்டியிருந்தார்கள், எனக்கு எட்டவில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். ஒரு கால் மட்டும் பலமுள்ளவள், என்னைத் தூக்கிக்கொண்டு ஆடாமல் நின்றாள். கவர் உள்ளே விழுகிற சத்தம் கேட்டது. அத்தைக்கு என் மேல் இருந்த கோபம் போய்விட்டது, நாளையிலிருந்து எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.