ஷ்யாமளா அக்காவின் மாடிப்படி ஜன்னல்

ஷ்யாமளா அக்கா போய்விட்டார்.

நேற்று காலை அவர் கணவர் ரகுநாத் சார் போன் செய்தார். "ஷ்யாமளா போயிட்டாம்மா..." அவ்வளவுதான் சொன்னார். விஜயநகரில் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு, எல்லாம் முடிந்து திரும்பி வந்திருக்கிறேன்.

பழைய ஆபீஸ் நண்பர்களுக்கு அவரைத் தெரியும். அக்கவுண்ட்ஸில் என் எதிர் சீட். மற்றவர்களுக்கு... நான் போடும் கண்ணாடி வேலை போட்டோக்களுக்குக் கீழே "ஓரம் கோணல்" என்று மட்டும் கமெண்ட் எழுதுவாரே, அவர்தான்.

ரிட்டயர் ஆன கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டெயின்ட் கிளாஸ் வகுப்பில் சேர்ந்தார். வண்ணக் கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டி, ஈயம் உருக்கி இணைக்கிற வேலை. வகுப்பு முடிந்ததும் இரண்டு பேருக்குமாகச் சேர்ந்து ஒரு மெஷின் வாங்குவது என்று முடிவு செய்தோம்.

எந்த மெஷின் என்பதில்தான் சண்டை.

நான் கிரைண்டர் என்றேன். கையால் வெட்டிய கண்ணாடியின் ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்கிற சின்ன மெஷின். மேஜை மூலையில் அடங்கிவிடும், பயமில்லாமல் பழகலாம். அவர் ரம்பம்தான் வேண்டும் என்றார். ஸா மெஷின். கையால் வெட்டினால் உடைந்துவிடுகிற ஆழமான வளைவைக்கூட ஒரே துண்டாக அறுத்துக் கொடுக்கும்.

அது ஏன் வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாடிப்படி ஜன்னலுக்கு ஒரு படம் வரைந்து வைத்திருந்தார். அவர் பிறந்த ஸ்ரீரங்கப்பட்டணம், மேலேயிருந்து பார்ப்பது போல. நடுவில் பச்சையாகத் தீவு. அதை அணைத்துக்கொண்டு வளைகிற நீலக் காவிரி.

ஆற்றை இரண்டு துண்டாக வெட்டி இணைத்துவிடலாம், நடுவில் ஈயத்தின் கறுப்புக் கோடு ஒன்று விழும், அவ்வளவுதானே என்றேன்.

"ஆத்து நடுவுல கோடா? என்ன, அணை கட்டறியா? இருக்கற காவிரி சண்டை போதாதா நமக்கு?"

ஸா பிளேடு அறுந்தால் மைசூரில் யாரிடம் கொண்டுபோவது, அந்தச் சத்தத்துக்கு என் அபார்ட்மெண்ட்டில் என்ன சொல்வார்கள் என்று நானும் அடுக்கினேன். கடைசியில் கிரைண்டர்தான் வந்தது. ரகுநாத் சார் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் எத்தனை பேருக்கு மாவு அரைக்கலாம் என்று கேட்டார். அக்கா அவர் பக்கமே திரும்பவில்லை.

ஒரு வாரம் அவர் வீட்டில், ஒரு வாரம் என் வீட்டில். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்துத்தான் கொண்டுபோவேன். மெஷின் தட்டில் மிச்சமிருக்கும் கண்ணாடித்தூள் தண்ணீர் ஒவ்வொரு ஹம்ப்புக்கும் என் செருப்பில் கொட்டும்...

அக்கா விடுகிறவர் இல்லை. ரம்பம் செய்ய வேண்டியதை அந்தக் கிரைண்டரை வைத்தே செய்யப் பார்த்தார். வளைவின் உள்பக்கத்தை வெட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தே குடைந்தார். படம் சீக்கிரம் வந்துவிடும் என்று ஜன்னலின் பழைய கண்ணாடியைக்கூடக் கழற்றிவிட்டு, அட்டையை வைத்து அடைத்தாயிற்று.

வளைவு முக்கால்வாசி வந்துவிட்டது. ஆபீஸ் கதை பேசிக்கொண்டே இருந்ததில், கண்ணாடி சூடாகாமல் நனைக்கிற ஸ்பாஞ்ச் காய்ந்துபோனதை நாங்கள் கவனிக்கவில்லை. டிக் என்று ஒரு சத்தம். காவிரி இரண்டாகிவிட்டது.

ஏதாவது உடைந்தால் மட்டும் அக்காவுக்குக் கன்னடம்தான் வரும். "ஹோக்லி பிடு" என்றார். போகட்டும், விடு.

அப்புறம் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி... கிரைண்டர் என் வீட்டிலேயே தங்கிவிட்டது.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து நியூஸ்பேப்பர் சுற்றிய கண்ணாடியை எடுக்கச் சொன்னார். அதே நீலம். பெங்களூரில் அலைந்து வாங்கியதில் மிச்சம்.

"ரெண்டு துண்டாவே வெட்டிடு. கோடு விழுந்தா விழட்டும். ஒரு தடவை பாத்துடறேன்."

இப்போது நான் மறுத்தேன்.

"அதெல்லாம் முடியாதுக்கா. நீங்க எழுந்து வாங்க, ஸா மெஷினே வாங்கிடலாம். ஒரே துண்டா வெட்டலாம்."

தெம்பாக இருக்கட்டும் என்று சொன்னது. சரி என்று தலையாட்டினால் வேறு எதற்கோ சரி சொன்னது போல ஆகிவிடும் என்று பயம்...

அக்கா கண்ணாடியை மறுபடி நியூஸ்பேப்பரில் சுற்றினார். பிறகு, "ஹோக்லி பிடு" என்றார்.

அன்றைக்கு அங்கே எதுவும் உடைந்திருக்கவில்லை.

வெட்டியிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். ஓரம் கோணல் என்று திட்டியிருப்பார். திட்டவாவது செய்திருப்பார்...

நேற்று ஹாலில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டுக்கு நேர் மேலே மாடிப்படி ஜன்னல். அந்த அட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. சாரலில் ஊறி, ஓரமெல்லாம் உப்பி...

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேசாமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ரகுநாத் சார் பின்னாலேயே வாசல் வரை வந்துவிட்டார். வந்தவர்கள் யாரோ அட்டையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சாதாக் கண்ணாடி போடலாம் என்று சார் எத்தனையோ தடவை சொன்னாராம், அக்கா கேட்கவே இல்லையாம்.

"இனிமே போட்டுடட்டுமாம்மா?"

அவர் வீட்டு ஜன்னலுக்கு என்னிடம் கேட்கிறார்.

"வேண்டாம் சார். அந்த நீலக் கண்ணாடியை மட்டும் குடுங்க."

அங்கிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது என்பார்கள். எடுத்து வந்துவிட்டேன். என் மேஜை மேல் இருக்கிறது, அதே நியூஸ்பேப்பரோடு. கிரைண்டரைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஸ்பாஞ்சை நனைத்தாயிற்று.

நேற்று சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்... இங்கே சொல்லிக்கொள்கிறேன். போய் வாருங்கள் அக்கா.

இரண்டு துண்டுதான். கோடு விழும்.